ஒட்டாகோ ரக்பி சங்கம்

ஒட்டாகோ ரக்பி சங்கம் என்பது நியூசிலாந்தின் தென்தீவில், டுனெடின் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மாகாண ரக்பி அமைப்பாகும். 1881 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. உள்ளூர்க் கழகங்களின் போட்டிகளை நடத்துதல், நடுவர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்குதல், மாகாண அணியைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவை இதன் முதன்மைப் பணிகள்.

தோற்றம்

நியூசிலாந்தில் முதல் ரக்பி ஆட்டம் 1870 இல் நெல்சன் நகரில் நடைபெற்றது. அதைத் தொடர்ந்து பல ஊர்களிலும் கழகங்கள் தோன்றின. அவற்றை ஒருங்கிணைக்க 1879 இல் கேன்டர்பரியிலும் வெலிங்டனிலும் சங்கங்கள் அமைந்தன. இரண்டு ஆண்டுகளில் ஒட்டாகோவும் தனது சங்கத்தை அமைத்தது. இதற்கு முன்பே, 1876 இல், நாட்டின் மாகாண அரசுகள் கலைக்கப்பட்டுவிட்டன. ஆட்சியில் இல்லாமற்போன மாகாணம் ரக்பித் திடலில் தொடர்ந்து நிலைத்தது.

1888 இல் பிரித்தானிய அணி முதன்முறையாக நியூசிலாந்துக்கு வந்தபோது, அதன் முதல் ஆட்டம் டுனெடினில் ஒட்டாகோவுக்கு எதிராகவே நடந்தது. 1892 இல் தேசிய ரக்பி சங்கம் அமைந்தபோது, தம் உரிமைகள் வெலிங்டன் வசம் சென்றுவிடும் என்று தயங்கிய ஒட்டாகோ, கேன்டர்பரி, சவுத்லாந்து ஆகிய மூன்றும் அதில் சேரவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின்னரே அவை இணைந்தன.

கேடயமும் ஆட்டமுறையும்

மாகாண அணிகளுக்கிடையே பெரிதும் மதிக்கப்படும் பரிசு ரன்ஃபர்லி கேடயம். அதை வைத்திருக்கும் அணி, அறைகூவி வரும் அணியிடம் தோற்றால் கேடயத்தை இழந்துவிடும். ஒட்டாகோ அதை முதன்முதலாக 1935 இல் வென்றது. 1947 முதல் 1950 வரை தொடர்ந்து தன்னிடம் வைத்திருந்தது.

இவ்வெற்றிக்கு 'ரக்' எனப்படும் ஆட்டமுறை அடிப்படையாக அமைந்தது. பந்து தரையில் விழுந்ததும் முன்வரிசை வீரர்கள் ஒரே கூட்டமாகத் திரண்டு எதிரணியைத் தள்ளிச் சென்று, பந்தை விரைவாகப் பின்வரிசைக்குக் கிடைக்கச் செய்வர். இதை விக் கவனா என்ற ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனும் வளர்த்தெடுத்தனர். 1949 இல் தென்னாப்பிரிக்கா சென்ற தேசிய அணியில் ஒட்டாகோ வீரர்கள் 11 பேர் இடம்பெற்றனர். ஆயினும் மகன் கவனாவுக்குப் பயிற்சியாளர் பொறுப்பு வழங்கப்படவில்லை. அந்நாட்டின் இனப்பாகுபாட்டால் மாவோரி வீரர்களும் விலக்கப்பட்டனர். அந்த அணி நான்கு டெஸ்ட் ஆட்டங்களிலும் தோற்றது.

தொழில்முறைக் காலமும் நெருக்கடியும்

1976 இல் தொடங்கிய தேசிய மாகாணச் சாம்பியன் போட்டியின் முதல் பிரிவில் ஒட்டாகோ 1991, 1998 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது. இதற்கிடையே, 1995 இல் ரக்பி ஊதியம் பெற்று ஆடும் விளையாட்டாக மாறியது. அடுத்த ஆண்டு, பல மாகாணங்களின் வீரர்களைக் கொண்ட ஹைலேண்டர்ஸ் அணி உருவானது. முன்னணி வீரர்கள் அந்த அணிக்கும் தேசிய அணிக்கும் ஆடியதால், மாகாண ஆட்டங்களில் அவர்களைக் காண்பது அரிதாயிற்று. செலவு கூடியது, பார்வையாளர் வருகை குறைந்தது.

சங்கம் தனது புகழ்பெற்ற காரிஸ்புரூக் திடலை 2009 இல் நகர மன்றத்துக்கு விற்றது. அப்படியும் கடன் தீரவில்லை. 2012 தொடக்கத்தில் கடன் 20 லட்சம் நியூசிலாந்து டாலரைத் தாண்டியிருந்த நிலையில், சங்கத்தைக் கலைக்கப் போவதாக அறிவிக்கப்பட்டது. 131 ஆண்டு கால அமைப்பு மறைந்தால் மாகாண அணியோடு கழகப் போட்டிகளின் நிர்வாகமும் நிலைகுலையும் என்ற அச்சம் எழுந்தது. தேசிய சங்கம் உதவியது. நகர மன்றம் தனக்கு வர வேண்டிய சுமார் 4.8 லட்சம் டாலரைத் தள்ளுபடி செய்தது. பொதுப்பணத்தை இதற்கு விட்டுக்கொடுக்கலாமா என்ற விவாதமும் நகரில் எழுந்தது.

2013 ஆகஸ்டில் வைகாட்டோவை வென்று, 1957 க்குப் பின் முதன்முறையாக ஒட்டாகோ கேடயத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆட்டத்திலேயே அதை ஹாக்ஸ் பேயிடம் இழந்தது.

இன்றைய பங்கு

இன்று ஊதியம் பெறும் வீரர்களுக்கான மாகாண அணியையும், ஊதியமின்றி ஆடும் கழகங்களையும் இச்சங்கமே கவனிக்கிறது. பள்ளியிலும் கழகத்திலும் ஆடத் தொடங்கும் வீரர் தேசிய அணிவரை செல்லும் பாதையில் மாகாண அணி இன்றும் முக்கியமான படியாக உள்ளது.