ஜாமீன் கிடைத்தும் சிறையில்: பிணையதாரர் முறை குறித்து ஓர் ஆய்வு

1. எடுத்துக்கொண்ட கேள்வி

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. இந்த எண்ணை முன்வைத்து எழுதுவோர் பெரும்பாலும் ஜாமீன் தர நீதிபதிகள் தயங்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். தயக்கம் உண்மைதான். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் (ஊபா), பணமோசடித் தடுப்புச் சட்டம் போன்றவற்றில் அந்தத் தயக்கத்தைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஊபாவில் கைதான பாதிரியார் ஸ்டான் சுவாமி, 84 வயதில், 2021 ஜூலையில் மும்பை மருத்துவமனை ஒன்றில் விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

இக்கட்டுரை பார்ப்பது செய்தியில் வராத வழக்குகளை: சில்லறைத் திருட்டு, அடிதடி, வீடு புகுதல். இவற்றில் ஜாமீன் ஆணை கிடைத்துவிடுகிறது; ஆள்தான் வெளியே வருவதில்லை. சொத்துள்ளவரைப் பிணையாகக் கேட்பது விதியாக இருக்கும்வரை, ஜாமீன் சட்டத்தில் செய்யப்படும் மற்றத் திருத்தங்கள் ஏழைக்கு வந்து சேரா என்பது இதன் வாதம்.

2. ஆணைக்கும் வாசலுக்கும் இடையில்

தமிழ்நாட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் நாள்தோறும் பிறப்பிக்கப்படும் ஆணையின் வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு தொகைக்குக் கைதியின் சொந்தப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். ஜாமீன்தாரர் ஆதார், ரேஷன் கார்டு, வரி ரசீது ஆகியவற்றோடு வரவேண்டும். வட்டாட்சியரின் சொத்து மதிப்புச் சான்றையும் பல இடங்களில் கேட்கிறார்கள். கையெழுத்துப் போட மனமிருக்கும் உறவினரிடம் பட்டா இருக்காது. பட்டா உள்ளவர் கோர்ட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

இந்த இடைவெளியில் ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு ஜாமீன் கையெழுத்துப் போடுபவர்களைக் கீழமை நீதிமன்ற வளாகங்களை அறிந்த எவரும் அறிவர். ஒரு ஜாமீன்தாரர் இதுவரை எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறார் என்று உறுதிமொழி தரவேண்டும் எனக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 486ஆம் பிரிவு சொல்கிறது. இப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டதே அந்தத் தொழிலுக்குச் சட்டம் தந்த ஒப்புதல் வாக்குமூலம். குற்றஞ்சாட்டப்பட்டவரை நன்கறிந்தவர், அவரை வாய்தாவுக்கு அழைத்துவரக் கூடியவர் என்பதுதான் பிணையதாரர் முறைக்கான நியாயம். கூலிக்குக் கையெழுத்திட்டவருக்குக் கைதியின் முகம்கூடத் தெரியாது. முறை மிஞ்சியிருக்கிறது, அதன் நியாயம் போய்விட்டது.

1978இல் மோதி ராம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. சகோதரர் முன்வந்தார், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் போதும் என்று விடுவித்தார். தொலைவூரில் கைதாகும் தமிழரும் மலையாளியும் அங்கே சொத்துள்ள பிணையாளுக்கு எங்கே போவார்கள் என்று அத்தீர்ப்பில் அவர் கேட்டார். இன்று அந்தக் கேள்வியைத் திருப்பூரில் கேட்க வேண்டும். பனியன் கம்பெனியில் வேலைபார்க்கும் பீகார், ஒடிசா இளைஞர் கைதானால், அவருக்காகப் பட்டாவோடு வர அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம், உள்ளூர்ப் பிணையாளையே கேட்பது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி 45 ஆண்டு கழித்து மறுபடி சொல்ல வேண்டிவருவதை அறிவுரையின் தோல்வி என்றே கொள்ள வேண்டும். கட்டளையாக ஆகாத வரை அது தொடரும்.

நிபந்தனை ஜாமீன் இதன் நீட்சி. தினமும் காலை காவல் நிலையத்தில் கையெழுத்து, சில வழக்குகளில் வேற்றூரில் தங்கிக் கையெழுத்து. மாதச் சம்பளக்காரருக்கு இது தொந்தரவு. காலை ஏழு மணிக்குச் சித்தாள் வேலைக்கு ஆள் எடுக்கும் முனையில் நிற்க வேண்டியவருக்கு அன்றைய கூலியே போய்விடும். நிபந்தனையை மீறினால் ஜாமீன் ரத்தாகலாம்.

3. சட்டத்தில் ஏற்கெனவே இருப்பது

1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார்ச் சிறைகளில் குற்றத்துக்குரிய தண்டனைக் காலத்தையே தாண்டிக் கிடந்தவர்களைக் கண்ட நீதிபதி பகவதி, சமூகத்தில் வேர் உள்ளவரைப் பணப்பிணை இல்லாமலே விடலாம் என்றார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2005 திருத்தம் இன்னும் ஒரு படி போயிற்று: கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணை தர முடியாதவரை ஏழை என்று அனுமானித்து, சொந்தப் பத்திரத்தில் விடவேண்டும். நல்ல விதி. இப்போது புதிய சன்ஹிதாவின் 478ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் ஜாமீனில் விடத்தக்க குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள திருட்டைத் தவிர, மற்றத் திருட்டு அந்த வகையில் சேராது. ஏழைகள் அதிகம் சிக்கும் குற்றத்தை வெளியே நிறுத்திவிட்டு ஏழைக்கென ஒரு விதி.

4. 479ஆம் பிரிவின் கணக்கு

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு பெரிய சீர்திருத்தமாகப் பேசப்படுகிறது. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டவரை ஜாமீனில் விடவேண்டும். முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. முதல்முறை சிக்கியவருக்கும் நிவாரணம் வர ஓராண்டு ஆகும். வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு 7 ஆண்டு. அதில் முதல்முறை சிக்கியவர் 2 ஆண்டு 4 மாதம் காத்திருக்க வேண்டும். இதைவிட மோசமானது இரண்டாம் உட்பிரிவு: ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. வீடு புகுந்து திருடியதாகச் சொல்லப்படும் ஒரே சம்பவத்தில், புகுந்தது ஒரு பிரிவு, திருடியது இன்னொரு பிரிவு. ஒற்றைப் பிரிவோடு நிற்கும் குற்றப்பத்திரிகை அரிது. சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், கொடுத்த கையே பறித்துக்கொள்கிறது.

5. பணம் தரும் திட்டம்

2023இல் ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை பிணைத்தொகை கட்ட மாவட்டக் குழு பரிந்துரைக்கலாம் என்று 2023 விதிகள் கூறின. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் அரசு தன் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவைப்பதால், கைதி வாய்தாவுக்கு வருவதற்கான காரணம் எந்த வகையில் கூடுகிறது? கைதியிடம் இழக்க ஒன்றும் இல்லை என்று அரசே சான்றளித்த பிறகு, பிணைத்தொகை வெறும் சடங்கு. சடங்கை விட்டுவிட்டால் குழுவும் வேண்டாம், கோப்பும் வேண்டாம்.

6. பிணையில்லாத ஜாமீன்

பிணையாள் இல்லாவிட்டால் ஓடிவிடுவார்களே என்பது வலுவான எதிர்வாதம். இங்கிலாந்து 1976இல் தன் ஜாமீன் சட்டத்தில் இதற்கு விடை தேடியது. குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் பணப்பொறுப்பு எழுதி வாங்குவதை நிறுத்தி, ஜாமீனில் போய் ஆஜராகாமல் இருப்பதையே குற்றமாக்கியது. நம்மிடமும் அந்தக் குற்றம் உண்டு. 2005இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 269ஆம் பிரிவாக, ஓராண்டுவரை சிறையோடு இருக்கிறது. இங்கிலாந்து பணத்துக்குப் பதிலாகத் தண்டனையைக் கொண்டுவந்தது. நாம் தண்டனையையும் சேர்த்துக்கொண்டு பிணையாளையும் விடாமல் வைத்திருக்கிறோம்.

ஆபத்தானவரை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. சாட்சியை மிரட்டக்கூடியவருக்குக் காரணம் எழுதி ஜாமீனை மறுக்கலாம். அவரைப் பிணையதாரர் தடுப்பதில்லை. வசதியும் செல்வாக்கும் உள்ள ரவுடிக்குக் கையெழுத்துப் போட ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

எனவே திருத்தம் இப்படி அமையலாம். ஏழாண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் ஜாமீன் என்றாலே சொந்தப் பத்திரம் என்று 485ஆம் பிரிவு சொல்லட்டும்; பிணையாள் வேண்டுமென்றால் ஏன் என்று நீதிபதி எழுதட்டும். 478இன் ஒரு வார அனுமானம் இவ்வழக்குகளுக்கும் நீளட்டும். ஒரு மாதமாகியும் பிணை தராதவரின் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2023 வழிகாட்டுதலில் மாதம் வாரமாகட்டும், ‘லாம்’ ‘வேண்டும்’ ஆகட்டும். 479இன் இரண்டாம் உட்பிரிவு, ஒரே சம்பவத்திலிருந்து எழும் பல பிரிவுகளுக்குப் பொருந்தாது என்று தெளிவாக்கப்படட்டும். வாய்தாத் தேதியைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் வசதி இ-கோர்ட்ஸ் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கைதியின் வீட்டு எண்ணுக்கும் அனுப்பலாம்.

பிணையாளின் இடத்தில் கைப்பேசிக் கண்காணிப்பை வைக்கும் ஆசை வரும். கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடத்தை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலையில் ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. புதிய சட்டம் வரைபவர்கள் அந்தத் தீர்ப்பையும் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.