போர் தண்ணீரில் தலைக்குளியல்: உங்கள் முடிக்கு ஏற்ற ஷாம்பூ எது? சலூன் ஷாம்பூ அவசியமா?

திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலையில் உள்ள பாடாலூர் போன்ற ஊர்களில், மளிகைக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பூ சாஷேக்களுக்கும், பியூட்டி பார்லரில் நூற்றுக்கணக்கான ரூபாய் விலை சொல்லப்படும் பாட்டிலுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? விலை கூடினால் முடி கொட்டுவது நிற்குமா? உப்புத் தண்ணீருக்கு எந்த ஷாம்பூ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

ஷாம்பூ என்ன வேலை செய்கிறது?

தலையில் சேரும் எண்ணெய், வியர்வை, தூசி ஆகியவற்றைக் கழுவி எடுப்பதுதான் ஷாம்பூவின் முதல் வேலை. அதைச் செய்வது அதிலுள்ள நுரைக்கும் பொருள்கள். முடியை மென்மையாக்குவது, பளபளப்பு, வாசனை எல்லாம் அதற்கு அடுத்ததுதான். ஷாம்பூ சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடும். அதனால் விளம்பரத்தில் சொல்லும் வைட்டமின், புரதம் போன்றவை முடி வேர் வரை போய் முடியை வளர்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

'சலூன் குவாலிட்டி' என்றால் என்ன?

'சலூன் குவாலிட்டி', 'புரொஃபஷனல்' போன்றவை விற்பனைக்கான சொற்கள். இந்தியாவின் அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-இல் இப்படி ஒரு தனி ரகம் கிடையாது. பாட்டிலில் இந்த வார்த்தை இருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது உயர்ந்தது என்று அர்த்தம் இல்லை.

அதற்காக வித்தியாசமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 123 ஷாம்பூக்களின் பி.எச். அளவைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பி.எச். என்பது ஒரு பொருளின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு. தலைத்தோலின் பி.எச். சுமார் 5.5, முடியின் பி.எச். சுமார் 3.67. ஷாம்பூவின் பி.எச். இதைவிட ரொம்ப அதிகமானால் முடிகளுக்கிடையே உராய்வு கூடும், சிக்கு விழும், முடி உடையும். சோதித்த மொத்த ஷாம்பூக்களில் சுமார் 38 சதவீதம்தான் பி.எச். 5 அல்லது அதற்குக் கீழே இருந்தன. சலூன் ஷாம்பூக்களில் மட்டும் பார்த்தால் அது 75 சதவீதம்.

ஆக, சலூன் ஷாம்பூ பலவற்றில் பி.எச். கவனிக்கப்படுகிறது. ஆனால் அதே பி.எச். உள்ள சாதாரண ஷாம்பூக்களும் கடையில் கிடைக்கின்றன. சில பாட்டில்களில் 'பி.எச். 5.5' என்று அச்சிட்டிருப்பார்கள். பெயரைவிட அதைத் தேடுவது நல்லது.

பெரம்பலூர், அரியலூர் தண்ணீருக்கும் முடிக்கும் என்ன தொடர்பு?

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பரவியிருந்த பகுதி இது. பாடாலூருக்குப் பக்கத்தில் உள்ள காரையில் இன்றும் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் வந்ததும் இங்குள்ள சுண்ணாம்புக்கல்லால்தான். சுண்ணாம்புப் பாறைகளைத் தொட்டு வரும் நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் அதிகம் கரைந்திருக்கும். இதைத்தான் கடினநீர் என்கிறோம்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி, ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லை என்றால் 600 வரை அனுமதி உண்டு. உங்கள் வீட்டு போர் தண்ணீர் எப்படி என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. மூடியுள்ள பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் துருவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை சரியாக வராமல், தண்ணீர் வெள்ளையாகத் திரிந்தால் அது கடினநீர். வாளியிலும் குழாயிலும் வெள்ளைப் படிவம் ஒட்டுவதும் இதே அறிகுறிதான். சரியான அளவு தெரிய வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கலாம்.

கடினநீரில் சோப்புப் போட்டுத் தலை குளித்தால், கால்சியமும் சோப்பும் சேர்ந்து பிசுபிசுப்பான படிவமாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். ஷாம்பூவில் அந்தப் படிவம் உருவாவதில்லை. அதனால் இந்தப் பகுதியில் தலைக்குச் சோப்பைத் தவிர்ப்பதுதான் முதல் வேலை. ஆனால் ஷாம்பூ போட்டாலும் தண்ணீரில் உள்ள உப்புகள் முடியில் கொஞ்சம் படியும். முடி சொரசொரப்பாக, மங்கலாகத் தெரியும்.

உப்புத் தண்ணீரால்தான் முடி கொட்டுகிறதா?

இது ஊரெல்லாம் சொல்லப்படும் காரணம். ஆனால் ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனை ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கடினநீரில் ஊறிய முடிக்கும் காய்ச்சி வடித்த நீரில் ஊறிய முடிக்கும் வலிமையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பாகிஸ்தானில் 70 ஆண்களின் முடியை வைத்து நடந்த 2018 ஆய்வில், கடினநீரால் முடியின் வலிமை குறைந்தது தெரியவந்தது. இரண்டுமே வெட்டி எடுத்த முடி உடைவதைப் பற்றியவை. வேரோடு முடி கொட்டுவது வேறு விஷயம். தண்ணீரை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் உண்மையான காரணம் கவனிக்கப்படாமல் போய்விடும்.

என் தலைத்தோல் எந்த வகை? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஷாம்பூவைத் தலைத்தோலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், கண்டிஷனரை முடி நுனியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலை குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் விடுங்கள். மறுநாள் தலைத்தோலில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். எண்ணெய்க் கறை தெரிந்தால் எண்ணெய்ப் பசை வகை. கறையே இல்லாமல், தோல் இழுத்துப் பிடிப்பது போலவோ அரிப்பாகவோ இருந்தால் வறண்ட வகை. இரண்டும் இல்லை என்றால் சாதாரண வகை.

எந்த வகைக்கு என்ன ஷாம்பூ?

எண்ணெய்ப் பசை உள்ள தலை: சோடியம் லாரெத் சல்பேட் உள்ள சாதாரண ஷாம்பூவே போதும். தினமும் ஹெல்மெட் போடுபவர்கள், வயல் வேலை, ஆலை வேலை செய்பவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளித்தாலும் தவறில்லை.

வறண்ட தலை, சுருட்டை முடி: சல்பேட் இல்லாத ஷாம்பூ பொருந்தும். லேபிளில் கோகமிடோபுரோபைல் பீட்டைன், சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் போன்ற பெயர்கள் இருக்கும். நுரை குறைவாக வரும். நுரை குறைந்தால் சுத்தமாகாது என்று நினைத்து இரண்டு மடங்கு ஊற்ற வேண்டாம்.

சாயம் பூசிய, ஸ்மூத்தனிங் செய்த முடி: இதற்கும் சல்பேட் இல்லாததே நல்லது. ஒவ்வொரு முறையும் கண்டிஷனர் அவசியம்.

மெல்லிய முடி: டைமெதிகோன் போன்ற சிலிக்கோன் அதிகம் உள்ளவை முடியைத் தலையோடு ஒட்டிப் படிய வைத்துவிடும். அவற்றைத் தவிர்க்கலாம்.

கடினநீர் உள்ள வீடு: இ.டி.டி.ஏ. என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அது உள்ள 'கிளாரிஃபையிங்' ஷாம்பூவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயன்படுத்தலாம். அடிக்கடி போட்டால் முடி வறண்டுவிடும். அதற்கும் வசதி இல்லை என்றால், சேமித்த மழைநீர் ஒரு சொம்பு கடைசியாக ஊற்றினாலே வித்தியாசம் தெரியும்.

பொடுகு: மலசீசியா என்ற பூஞ்சையின் பங்கு இதில் அதிகம். கீட்டோகோனசோல், ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு ஆகியவற்றில் ஒன்று உள்ள ஷாம்பூ தேவை. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம் வரை பயன்படுத்துவது வழக்கம். தேய்த்தவுடன் கழுவினால் பலன் இருக்காது. 3 முதல் 5 நிமிடம் விட வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

சாஷே ஷாம்பூ மட்டமா?

இல்லை. சாஷே ஷாம்பூவின் கதையே தமிழ்நாட்டில் தொடங்கியதுதான். 1970-களில் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பாட்டில் வாங்க முடியாதவர்களுக்காகச் சிறிய பாக்கெட்டில் ஷாம்பூவை அடைத்தார். அவருடைய குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பூ வந்தது. மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பூ. அந்த நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆனது.

புது ஷாம்பூ ஒன்று தலைக்குப் பொருந்துமா என்று பார்க்க சாஷேதான் சிக்கனமான வழி. பெரிய பாட்டில் வாங்கும் முன் 4 சாஷே வாங்கி 2 வாரம் போட்டுப் பாருங்கள். விலையை ஒப்பிட, மொத்த விலையை மில்லிலிட்டரால் வகுத்துப் பாருங்கள். 300 மி.லி. பாட்டில் 240 ரூபாய் என்றால் ஒரு மி.லி. 80 பைசா. 6 மி.லி. சாஷே 3 ரூபாய் என்றால் 50 பைசாதான். பெரிய பாட்டில் எப்போதும் மலிவு என்ற கணக்கு ஷாம்பூவில் பல நேரம் தப்பாகிவிடும்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, தயாரிப்பாளர் முகவரி நான்கும் இருக்க வேண்டும். மூலப்பொருள் பட்டியலில், ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவு அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக இருக்கும். முன்பக்கம் பெரிதாகப் படம் போட்ட மூலிகை, பட்டியலின் கடைசியில் இருந்தால் அதன் அளவு மிகக் குறைவு என்று புரிந்துகொள்ளலாம். பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் 'லூஸ்' ஷாம்பூவில் இந்த விவரம் எதுவும் தெரியாது. வாங்காமல் இருப்பதே நல்லது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை கொட்டுவது இயல்பு. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் 2, 3 மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டலாம். பெரும்பாலும் தானாகவே சரியாகும். ஆனால் வட்டமாகச் சொட்டை விழுவது, வகிடு அகலமாகிக்கொண்டே போவது, தலையில் புண், சீழ், வலி ஆகியவை இருந்தால் ஷாம்பூவை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். முடி கொட்டுவதோடு சோர்வும் மூச்சு வாங்குவதும் இருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். உடல் எடை காரணமில்லாமல் மாறினால் தைராய்டையும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே இதற்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். வேர் பலவீனத்துக்கான மருந்து எந்த சலூன் பாட்டிலிலும் இல்லை.