ஒன்றிணைப்பா, கைப்பற்றலா? காத்மண்டுப் பள்ளத்தாக்கின் மூன்று அரண்மனைச் சதுக்கங்கள்

காலையில வான் ஏறி, பொழுதுபட முதல் மூன்று இராச்சியங்களைப் பார்த்து முடிக்க ஏலுமா? நேபாளத்தின் காத்மண்டுப் பள்ளத்தாக்கில் ஏலும். காத்மண்டு, பாட்டன், பக்தபூர் என்ற மூன்று பழைய தலைநகரங்களும் அங்கே கிட்டக் கிட்டத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அரண்மனைக்கு முன்னால் கோயில்கள் நிறைந்த ஒரு சதுக்கம். அதைத்தான் தர்பார் சதுக்கம் என்கிறார்கள். விடுமுறையில் போன நாங்கள் நாலு பேரும் ஒரு வழிகாட்டியோடு ஒரே நாளில் மூன்றையும் சுற்றினோம்.

ஏன் மூன்று? 1482இல் யட்ச மல்லர் இறந்த பிறகு அவரின் இராச்சியம் வாரிசுகளுக்குள் பிரிந்துபோனது. பிறகு சொந்தக்காரருக்குள்ளேயே போட்டி. பாட்டனில் சித்தி நரசிம்ம மல்லர் 1637இல் கல்லால் கிருஷ்ணன் கோயில் கட்டினார். காத்மண்டுவில் பிரதாப மல்லர் 1654இல் அரண்மனைச் சுவரில் பதினைந்து மொழிகள் கலந்த கல்வெட்டு வைத்தார். பக்தபூரில் பூபதீந்திர மல்லர் 1702இல் ஐந்தடுக்கு நியாதபோல கோயிலை எழுப்பினார். 1934, 2015 நிலநடுக்கங்கள் இரண்டையும் தாங்கி அது இன்றைக்கும் நிற்கிறது.

பெயர்கள் எல்லாம் அரசர்களுடையவை. மரம் செதுக்கி, செங்கல் சுட்டு, உலோகம் வார்த்தவர்கள் நேவார் மக்கள். அவர்களின் மொழி நேபாள பாஷா. இன்றைய அரச மொழியான நேபாளியும் இதுவும் வேறு வேறு மொழிக் குடும்பங்கள். ‘நேபாளம்’ என்ற பெயரே முன்பு இந்தப் பள்ளத்தாக்கைத்தான் குறித்தது.

காத்மண்டுச் சதுக்கத்தில் வழிகாட்டி சொன்னார்: “1768இல் கூர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா நாட்டை ஒன்றிணைத்தார்.” நாங்களும் குறித்துக்கொண்டோம்.

பின்னேரம் பக்தபூரில் ஒரு கடையில மண் சட்டியில் ஜுஜு தவு என்ற தயிர் வாங்கிச் சாப்பிட்டோம். கடைக்காரரின் மகன் எங்கட வயசுதான், கம்பசில படிக்கிறார். ஒன்றிணைப்பைப் பற்றிக் கேட்டம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னதன் சாரம் இதுதான்: “எங்கட வீட்டில ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை. பிடிச்சவை எண்டுதான் சொல்லுவினம்.” காத்மண்டு விழுந்தது இந்திர ஜாத்திரைத் திருவிழா நாளில். பக்தபூர் விழுந்தது 1769இல். அதற்கு முன், மூன்றாவது தாக்குதலில் கீர்த்திபூர் பிடிபட்டபோது அங்குள்ளவர்களின் மூக்குகள் வெட்டப்பட்டதை அக்காலத்தில் பள்ளத்தாக்கில் இருந்த கப்புச்சின் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

ராணாக்களின் காலத்தில் நேபாள பாஷாவில் எழுதுவதே குற்றமானது. சித்ததர் ஹிருதய என்ற கவிஞர் அதற்காக 1940களில் சிறையில் இருந்தார். அங்கே இருந்துதான் புத்தரின் வாழ்க்கையை ‘சுகத சௌரபம்’ என்ற காவியமாக எழுதினார்.

எங்களுக்கு இது புதுக்கதை இல்லை. ஆறாம் பராக்கிரமபாகு இலங்கையை ஒரு குடையின் கீழ் கொண்டுவந்தார் எண்டு பள்ளிக்கூடத்தில மனப்பாடம் செய்து புள்ளி வாங்கினவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் அது செண்பகப் பெருமாளின் படையெடுப்பு. சம்பவம் ஒன்று, அதை எந்த ஊரில் இருந்து பார்க்கிறோம் என்பதில் சொல் மாறுகிறது.

ஆனால் அந்தப் பொடியன் தோல்வியோடு கதையை முடிக்கேல்லை. சதுக்கங்கள் இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் ‘குதி’ என்றார். கோயிலுக்கென்று எழுதிவைத்த காணியின் வருமானத்தில் விளக்கு எரிப்பது, கூரை திருத்துவது, திருவிழா நடத்துவது எல்லாவற்றையும் பரம்பரை பரம்பரையாகச் செய்யும் ஊர்க்கூட்டம் அது. 2015இல் காத்மண்டுவின் காஷ்டமண்டபம் இடிந்து விழுந்தது. பழைய முறையிலேயே கட்டவேண்டும் என்று ஊர்ச்சனம் நின்றது. மரத்தாலும் செங்கல்லாலும் அது மறுபடி எழுந்து 2022இல் வேலை முடிந்தது. 2019இல் குதிகளை அரசின் கைக்குள் கொண்டுவர ஒரு சட்டமூலம் வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்க, அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது.

வானில திரும்பி வரும்போது எங்கட நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். காலையில் எழுதினது முழுக்க அரசர்களின் பெயரும் ஆண்டும்தான். குதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நல்லூரில் சங்கிலியன் தோப்பையும் மந்திரி மனையையும் நாங்கள் பார்ப்பதும் அப்படித்தான். அரசன் யார் என்று கேட்போம், படம் எடுப்போம், வந்துவிடுவோம். இனி எந்த அரண்மனைக்குப் போனாலும் இன்னும் இரண்டு கேள்வி கேட்பதென்று முடிவெடுத்திருக்கிறோம். இதைக் கட்டினது யார்? இப்ப இதைப் பார்த்துக்கொள்வது யார்?