இன்னும் யாராவது பயன்படுத்துறீங்களா?

2012 டிசம்பரில் லினக்ஸ் கெர்னல், தான் பிறந்த கம்ப்யூட்டரையே கைகழுவியது. 1991-இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை எழுத ஆரம்பித்தது இன்டெல் 386 சிப் வைத்த ஒரு கணினியில்தான். 21 வருடம் கழித்து இங்கோ மோல்னர் அந்த 386-க்கான நிரல்களையெல்லாம் நீக்கி அனுப்பினார். லினஸின் அந்தப் பழைய மெஷினிலும் இனி புது லினக்ஸ் ஓடாது என்று கூடவே ஒரு குறிப்பு. லினஸ் அலட்டிக்கொள்ளவில்லை. எனக்கு இதில் சென்டிமென்ட் எதுவும் கிடையாது, போகட்டும் என்ற தொனியில் பதில் சொல்லிவிட்டு ஏற்றுக்கொண்டார். 3.8 பதிப்பிலிருந்து 386 கிடையாது.

பிறந்த வீட்டையே இடிக்கிறவர்கள் மற்ற வீடுகளை எப்படி இடிக்கிறார்கள்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு பிரிண்டர்தான் காரணம். அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம்.

கணினியின் பாகங்களுக்கும் மேலே ஓடும் மென்பொருள்களுக்கும் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துவது கெர்னல். ஒவ்வொரு பாகத்தோடும் அதன் பாஷையில் பேசத் தெரிந்த நிரல் துண்டுதான் டிரைவர். டிஸ்க்குக்கு ஒன்று, நெட்வொர்க் கார்டுக்கு ஒன்று, பிரிண்டர் போர்ட்டுக்கு ஒன்று. 1991-இல் சுமார் 10,000 வரிகளாக இருந்த லினக்ஸ், 2020 தொடக்கத்தில் 2.7 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான்.

இப்போது பிரிண்டருக்கு வருகிறேன்.

எங்கள் சங்கரன்கோவிலை வெளியூர்க்காரர்கள் ஆடித்தபசுக்காகவும் பிரியாணிக்காகவும் தெரிந்து வைத்திருப்பார்கள். ஊருக்குள் வந்தால் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம். தறி இருந்தால் நூல் கடை இருக்கும், நூல் கடை இருந்தால் பில் இருக்கும். சரக்கு விற்றால் ஜிஎஸ்டி விதிப்படி பில் மூன்று படிகள்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று. லேசர் பிரிண்டரில் மூன்று தடவை அடிக்க வேண்டும். ஊசி குத்தி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் வைத்த தாளைச் சொருகினால் ஒரே அடியில் மூன்றும் வந்துவிடும். ரிப்பனும் மலிவு. அதனால்தான் எனக்குத் தெரிந்த ஒரு நூல் கடையில் அகலமான பேரலல் போர்ட் கேபிளோடு ஒரு டிவிஎஸ் பிரிண்டர் இன்னமும் 'கர்ர் கர்ர்' என்று அடித்துக்கொண்டிருக்கிறது. ஐபிஎம் பிசி 1981-இல் வந்தபோதே இருந்த போர்ட் வகை அது. கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ்.

லினக்ஸ் எங்கள் பக்கத்துக்கு அபூர்வமான சரக்கு இல்லை. உமாசங்கர் எல்காட்டில் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அரசுப் பள்ளிகளுக்கு சூசே லினக்ஸ் போட்ட கணினிகள் வந்தன. சென்னை சி-டாக் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது. நானும் அந்த அலையில் கற்றுக்கொண்டவன்தான்.

ஊருக்குப் போகும்போது, "அண்ணாச்சி, சிஸ்டத்த அப்டேட் பண்ணிருவோமா?" என்று கேட்பேன். கடைக்காரர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஓடுத தறியில எதுக்குடே கைய வைக்க?"

நியாயமான கேள்வி. கெர்னல்காரர்களிடமும் இதையே கேட்கலாம். பழைய டிரைவர் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கிறது, ஏன் தொட வேண்டும்?

முதல் காரணம், கெர்னலுக்குள் சும்மா கிடப்பது என்று எதுவும் இல்லை. லினக்ஸில் எல்லா டிரைவர்களும் ஒரே மரத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு செயற்கூறை மாற்றினால், அதைக் கூப்பிடும் டிரைவர்கள் அத்தனையையும் மாற்றுகிறவரே திருத்தித் தர வேண்டும். 1996-இல் 2.0 பதிப்போடு வந்த 'பிக் கெர்னல் லாக்' இதற்கு நல்ல உதாரணம். ஒன்றுக்கு மேற்பட்ட புராசசர்கள் இருக்கும் கணினியில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கெர்னலுக்குள் நுழையட்டும் என்று போட்ட ஒரே பூட்டு. தற்காலிக ஏற்பாடுதான். ஆனால் எந்தெந்தப் பழைய டிரைவர் அந்தப் பூட்டை நம்பி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஆர்ன்ட் பெர்க்மன் கடைசிப் பூட்டைக் கழற்றியது 2011-இல், 2.6.39 பதிப்பில். 15 வருடம்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. 2015-இல் 'வெனம்' என்றொரு ஓட்டை வெளியே வந்தது. இருந்த இடம் லினக்ஸ் கெர்னல் இல்லை, கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருள். அதில் ஃபிளாப்பி கன்ட்ரோலரைப் பாவனை செய்யும் பகுதியில் 2004-லிருந்து அந்தப் பிழை இருந்தது. ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்திராத கிளவுட் சர்வர்களுக்கும் அதனால் ஆபத்து. யாரும் பயன்படுத்தாத நிரலை யாரும் படிப்பதில்லை. படிக்கிறவர் திருட வந்தவராக இருந்தால்தான் சிக்கல்.

ஆகவே துப்புரவு நடந்தது. 2012-இல் 3.5 பதிப்பில் டோக்கன் ரிங் நெட்வொர்க் போனது. 2018-இல் 4.17 பதிப்பில் பெர்க்மன் 8 சிப் வகைகளுக்கான ஆதரவை ஒரேயடியாக நீக்கினார்; கிட்டத்தட்ட 5 லட்சம் வரிகள். 2021-இல் 5.14 பதிப்பில் கிறிஸ்டோஃப் ஹெல்விக் பழைய ஐடிஇ டிஸ்க் டிரைவர் தொகுதியைத் தூக்கினார். 40,000 வரிகளுக்கு மேல். அந்த டிஸ்க்குகள் அநாதையாகிவிடவில்லை, லிப்-ஏடிஏ என்ற புதிய தொகுதி அவற்றை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டை இடிப்பதற்கு முன் மாற்று வீடு கட்டிக்கொடுத்தாயிற்று.

ஆனால் எல்லா டிரைவருக்கும் மாற்று வீடு கிடைப்பதில்லை. ஒரு டிரைவரின் சாவு பெரும்பாலும் இப்படி நடக்கிறது: பராமரிப்பவர் விலகுகிறார். கோப்பில் 'அநாதை' என்று எழுதப்படுகிறது. ஒருநாள் மின்னஞ்சல் குழுவில் யாரோ கேட்கிறார்: இதை இன்னும் யாராவது பயன்படுத்துறீங்களா? பதில் வராவிட்டால் நீக்கம். மௌனம் என்றால் ஆளில்லை என்று அர்த்தம்.

எனக்கு இடிக்கும் இடம் இதுதான். நூல் கடை அண்ணாச்சி அந்தக் குழுவில் இல்லை. அங்கே ஆங்கிலத்தில் பேசுகிறார்கள் என்பது ஒரு பக்கம். காலம் இன்னொரு பக்கம். கடையில் ஓடும் கெர்னல் ஐந்தாறு வருடம் பழையது. இன்று அங்கே நீக்கப்படுவது அவருடைய மேசைக்கு வந்து சேர்வதற்குள் விவாதம் முடிந்து, பேசியவர்களுக்கே மறந்திருக்கும். பழைய கணினிகள் பெருநகரங்களில் கழித்துக் கட்டப்பட்டு, சங்கரன்கோவில் மாதிரி ஊர்களில்தான் இரண்டாம் ஆயுளைத் தொடங்குகின்றன. கேள்வி கேட்கப்படும் இடத்தில் இந்த ஊர்கள் இல்லை.

ஆள் இருந்தால் கதை மாறும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2019-இல் ஃபிளாப்பி டிரைவரைப் பராமரித்த ஜிரி கோசினாவிடம் சோதித்துப் பார்க்க வேலை செய்யும் ஃபிளாப்பியே இல்லை, டிரைவர் அநாதையானது. பிறகு டெனிஸ் எஃப்ரெமோவ் முன்வந்தார், அது பிழைத்தது. கறுப்புத் திரையில் எழுத்துகளை வேகமாக உருட்டும் ஒரு வசதியை 5.11 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பழைய மெஷின்களில் திரை நொண்டியது. 2022-இல் ஹெல்கே டெல்லர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, 5.17 பதிப்பில் வசதியைத் திரும்பக் கொண்டுவந்தார்.

அழித்ததை எப்படித் திரும்பக் கொண்டுவர முடிகிறது? கெர்னலின் ஒவ்வொரு மாற்றமும் 2005-லிருந்து 'கிட்' என்ற பதிவேட்டில் இருக்கிறது. நீக்கியது யார், ஏன், எந்த வரி என்று எல்லாம் எழுதியிருக்கும். நமக்கு இது புதிதும் இல்லை. திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் உத்தரவிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்வெட்டை மழுங்கடித்த நம் காலத்துத் திருப்பணிகளோடு ஒப்பிட்டால், எது துப்புரவு, எது அழிப்பு என்பது புரியும்.

அண்ணாச்சி கடைப் பிரிண்டரின் கதி என்ன என்று தேடினேன். பேரலல் போர்ட் டிரைவர் கெர்னலில் உயிரோடு இருக்கிறது. பராமரிப்பாளர் என்ற இடத்தில் இருக்கும் பெயர் சுதீப் முகர்ஜி. அவர் 2015-இல் அந்தத் தொகுதியை, மற்ற டிரைவர்கள் எல்லாம் பின்பற்றும் பொது முறைக்கு மாற்றி எழுதினார், 4.2 பதிப்பில் அது வந்தது. அலுப்பான வேலை, பெயர் கிடைக்காத வேலை. ஓடுகிற தறியில் ஒருவர் கை வைத்ததால்தான் அது இன்னமும் ஓடுகிறது.

கெர்னலில் ஒரு மாற்றத்தை யாராவது தன் மெஷினில் ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று எழுதினால், 'டெஸ்டட்-பை' என்று போட்டு அவர் பெயரையும் அந்த மாற்றத்தோடு பதிவேட்டில் சேர்க்கும் வழக்கம் உண்டு. அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பழைய மெஷினும் ஒரு சாயங்காலமும் போதும். உங்கள் ஊரிலும் 'கர்ர் கர்ர்' என்று ஒன்று அடித்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை அந்தக் கேள்வி வரும்போது, "ஆமா, இங்க இருக்கோம்" என்று ஒரு வரி எழுத ஆள் வேண்டும்.