நட்டஈட்டுக் கணக்கில் வராத தெரு

பாரிஸில் கார் து நோர், கார் து லெஸ்ட் என்னும் இரண்டு பெரிய ரயில் நிலையங்களின் தண்டவாளங்களுக்கு நடுவே ஆப்பு வடிவில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஃபோபூர் சன் தெனி தெருவின் மேல்பகுதி, ரூ காய், ரூ பெர்தொனே, ரூ பிலிப் து ஜிரார் எல்லாம் அதற்குள் அடக்கம். புலம்பெயர்ந்த தமிழருக்கு அந்த இடம் முழுவதும் லாச்சப்பல்தான். காய் ரயில் எஞ்சின் செய்த தொழிலதிபர், பெர்தொனே ரயில்பாதைப் பொறியாளர். யாருடைய தேவைக்காக இந்தத் தெருக்கள் போடப்பட்டன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பொதுநலன் என்ற பெயரில் பாரிஸ் தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொண்ட இந்த இரண்டு நூற்றாண்டில், ஒரு கடைக்காரனுக்கு ஏற்படும் நட்டத்தை அளக்க பிரெஞ்சுச் சட்டம் நன்றாகவே பழகிக்கொண்டது. ஒரு கடைத்தெருவுக்கு ஏற்படும் நட்டத்தை அளக்க மட்டும் அது பழகவேயில்லை.

லாச்சப்பல் என்ற பெயருக்கு மூலமான லா ஷப்பெல் முதலில் பாரிஸுக்கு வெளியே இருந்த ஊர். 1780களில் நகரைச் சுற்றி எழுப்பிய சுங்கச் சுவர் இன்றைய புல்வார் து லா ஷப்பெல் வழியாகத்தான் போனது. பின்னாளில் 2ஆம் எண் மெட்ரோ அதே தடத்தில் தூண்களின் மேல் ஓடியது. சுவரைத் தாண்டி உள்ளே போகும் ஒயினுக்கு நகர வரி, வெளியே வரி இல்லை. அதனால் சுவருக்கு வெளியே மதுக்கடைகள் கொழித்தன. 1860 ஜனவரி 1ஆம் தேதி லா ஷப்பெல் பாரிஸோடு இணைக்கப்பட்டது. வரி எல்லை வெளிக்கோட்டை மதில்வரை நகர்ந்தது. அந்த மதுக்கடைகளிடமிருந்து யாரும் ஒரு செங்கல்லைக்கூடப் பறிக்கவில்லை. பறிபோனது ஒரு விலை வித்தியாசம், அதை நம்பி வந்த கூட்டம். சொத்து எதுவும் கைமாறாததால் சட்டத்தின் பார்வையில் அங்கே நட்டமே நடக்கவில்லை.

சொத்து கைமாறிய இடத்தில் கதை வேறு. 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 17ஆம் பிரிவு, பொதுத் தேவை நிரூபிக்கப்பட்டு, நியாயமான நட்டஈட்டை முன்கூட்டியே கொடுத்தாலன்றி யாருடைய சொத்தையும் எடுக்கக்கூடாது என்றது. 1833, 1841ஆம் ஆண்டுச் சட்டங்கள் நட்டஈட்டுத் தொகையைத் தீர்மானிக்கும் வேலையைச் சொத்துக்காரர்கள் அடங்கிய ஜூரியிடம் கொடுத்தன. 1853 முதல் 1870 வரை ஆட்சித் தலைவர் ஓஸ்மான் நகரைக் கிழித்துப் பெருஞ்சாலைகள் போட்டபோது, இந்த ஜூரிகள் நகராட்சியின் பணப்பையைத் தாராளமாகத் திறந்துவிட்டன. வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, குத்தகைக்குக் கடை நடத்தியவருக்கும் பங்கு கிடைத்தது. கள்ளக் கணக்கேடு தயாரித்து, இல்லாத வியாபாரத்துக்கு நட்டஈடு வாங்கிக் கொடுக்கும் தரகர்களே உருவானார்கள். ஸோலாவின் 'லா க்யூரே' நாவல் அந்தப் பித்தலாட்டத்தின் மேல்தான் நிற்கிறது. ஓஸ்மான் செய்ததெல்லாம் கொடுமை என்று ஒரே வரியில் முடிப்பவர்கள், 1832இலும் 1849இலும் காலரா அந்த நெரிசல் சந்துகளில் என்ன செய்தது என்பதையும், புதிய சாலைகளுக்கு அடியில் ஓடிய சாக்கடையும் நல்ல தண்ணீரும் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். பொதுத் தேவை பல இடங்களில் மெய்யாகவே தேவையாக இருந்தது.

பிறகு ஜூரி போனது, 1958இல் தனி நீதிபதி வந்தார். 1909, 1926ஆம் ஆண்டுச் சட்டங்களும் 1953 ஆணையும் கடைக்காரருக்கு ஓர் அபூர்வமான உரிமையைக் கட்டிக் கொடுத்தன. கட்டடம் இன்னொருவருடையதாக இருந்தாலும், வாடிக்கையும் பெயரும் குத்தகை உரிமையும் சேர்ந்த 'வியாபாரம்' கடைக்காரரின் சொத்து. அதை விற்கலாம், அடகு வைக்கலாம். ஒன்பது வருடக் குத்தகை முடிந்து, தக்க காரணமின்றிப் புதுப்பிக்க மறுக்கும் கட்டடக்காரர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். சென்னையில் கடை வாடகைக்கு இருப்பவர் கனவிலும் காணாத பாதுகாப்பு இது.

இந்தச் சட்டத்துக்குள்தான் தமிழர் வந்து சேர்ந்தார்கள். 1970களில் புதுச்சேரிக்காரர்கள் சற்றுத் தெற்கே பசாஜ் பிராடியில் உணவகம் திறந்தார்கள். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்கள் நிலையத்துக்கு வடக்கே, வாடகை மலிவாகக் கிடந்த ஆப்புக்குள் நுழைந்தார்கள். முதல் போட்டது பெரும்பாலும் வங்கியல்ல, சீட்டு. முக்கியமான ஒன்று: கடை இங்கே, குடியிருப்பு வேறெங்கோ. வாடிக்கையாளரில் பெரும்பாலோர் புறநகர்வாசிகள். சனிக்கிழமை லா கூர்னெவிலிருந்தோ சார்செலிலிருந்தோ ரயிலேறி வரும் குடும்பம் ஃபோபூர் சன் தெனிக்குள் கால்வைத்ததும் முதலில் ஆளுக்கொரு றோல்ஸும் பிளேன்ரீயும். பிறகு நகைக்கடையில் தாலிக்கொடிக்கு விலை கேட்பது, சேலைக்கடை, அழைப்பிதழ் அச்சடிக்கும் இடம், ஊருக்கு டிக்கெட் போடும் இடம். கை கனக்கும் என்பதால் மரக்கறி, கருவாடு, அரிசிப் பை கடைசியில். நகைக்கடைக்காரரின் வாடிக்கை அவருடைய தனிச் சம்பாத்தியம் அல்ல. முருங்கைக்காய் விற்பவர் பாதி ஆளைக் கூட்டிவந்து கொடுக்கிறார்.

இங்கேதான் நட்டஈட்டுச் சூத்திரம் இடறுகிறது. இன்றைய பிரெஞ்சுச் சட்டம் ஈடுகட்டுவது நேரடியான, பொருள்வகையான, உறுதியான நட்டத்தை. கடையின் மதிப்புக்கு ஆதாரம் வரி அலுவலகத்தில் காட்டிய விற்றுமுதல். பத்துக் கடைகளில் மூன்றை எடுத்தால் அந்த மூன்றுக்கும் முறைப்படி பணம் வரும். மீதி ஏழில் குறையும் கூட்டத்துக்கு எதுவும் வராது, ஏனெனில் அவர்களிடமிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. 1860இன் மதுக்கடைக் கணக்கு அப்படியே திரும்புகிறது. 1969இல் லே ஆல் மொத்தச் சந்தை ருன்ஜிஸுக்குப் போனபோதும், 1996இல் கொத்தவால்சாவடி கோயம்பேட்டுக்குப் போனபோதும் மொத்த வியாபாரிக்குப் புது இடம் இருந்தது; அவரை அண்டிப் பிழைத்த சில்லறைக்காரரும் சுமைதூக்கியும் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், சொந்த நிலமில்லாமல் அந்த இடத்தில் மூன்று வருடம் பிழைத்தவரையும் பாதிக்கப்பட்டவராக எண்ணுகிறது. நடைமுறை கிடக்கட்டும், எண்ணம் பாரிஸை விட ஒரு படி முன்னால் இருக்கிறது.

லாச்சப்பலை யாரும் இடிக்கவில்லையே, பிறகு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். உண்மைதான், புல்டோசர் வரவில்லை. ஆனால் கருவிகள் மெல்லியவையாகிவிட்டன. 2005ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வியாபாரமோ கடைக் குத்தகையோ விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமையை நகராட்சிகளுக்குத் தந்தது. நோக்கம், தெருவில் கடைகளின் பன்மையைக் காப்பது. அதற்கு முன்பே 2004 முதல் பாரிஸ் நகரம் செமாஎஸ்ட் நிறுவனத்தின் மூலம், சீனரின் மொத்த ஆடைக்கடைகள் நிறைந்த செதேன்-பொபன்கூர் போன்ற இடங்களில் கடையறைகளை வாங்கி வேறு தொழிலுக்குக் கொடுத்துவந்தது. பக்கத்து ஷாத்தோ ரூஜின் ஆப்பிரிக்கக் கடைகளை நகரின் ஓரத்துக்கு நகர்த்த 'ஐந்து கண்டச் சந்தை' என்று ஒரு திட்டம் பேசப்பட்டது, கட்டப்படவில்லை. எல்லாவற்றுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: ஒரே வகைக் கடைகள் தெருவை விழுங்குகின்றன. இந்த முறைப்பாட்டில் நியாயம் உண்டு. அங்கே மேல்மாடியில் குடியிருக்கும் கிழவிக்கு ரொட்டிக்கடையும் செருப்புத் தைப்பவரும் வேண்டும்; சனிக்கிழமை நெரிசலும் குப்பையும் அவர் தலையில்தான் விழுகின்றன. ஆனால் துணி மொத்த வியாபாரத்தெருவும் லாச்சப்பலும் ஒன்றல்ல. பெயர்ப்பலகையின் எழுத்து ஒன்றாக இருப்பதால் தொழிலும் ஒன்று என்று தோன்றுகிறது. மீன், தங்கம், சேலை, அச்சு, முடிதிருத்தல், பயணச்சீட்டு என்று எண்ணினால் பாரிஸில் எத்தனையோ 'பன்மை'த் தெருக்களை விட இதில் தொழில்கள் அதிகம்.

பெரிய அச்சம் நிலையத்திலிருந்து வந்தது. கார் து நோரை விரிவாக்கிப் பெரிய அங்காடி வளாகமும் சேர்க்கும் திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. பிரான்சின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 2019இல் மாவட்ட வணிகக் குழு மறுத்தது, தேசியக் குழு அனுமதித்தது. சுமார் 60 கோடி யூரோவில் தொடங்கிய மதிப்பீடு 150 கோடியைத் தாண்டியதால் 2021 செப்டம்பரில் ரயில்வே நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது. திட்டத்தைக் கொன்றது செலவும் தாமதமும். தெருக்கடைகளின் வாதம் அல்ல. இந்த ஆப்பின் பிழைப்பே ரயிலிலிருந்து இறங்கி நடந்து வருபவர்கள்தான் என்பதால், அவர்களை நிலையத்துக்குள்ளேயே நிறுத்திவைக்கும் அங்காடி ஒரு கடையறையையும் தொடாமல் தெருவைக் காயவைத்திருக்கும்.

கடைசியாக ஒரு மறுப்பு, இதுதான் வலுவானது: வியாபாரம் எப்போதும் இடம் மாறும், தமிழரும் வேறு யாரோ விட்டுப்போன அறைகளில்தான் வந்து குந்தினார்கள், பிள்ளைகள் கல்லாவில் உட்காரப் போவதில்லை, லா கூர்னெவிலேயே இன்று தமிழ்க் கடைகள் இருக்கின்றன. எல்லாம் சரி. பிள்ளை கணக்காய்வாளராகி, தகப்பன் குத்தகை உரிமையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு ஓய்வெடுத்தால் அதில் யாருக்கும் வருத்தமில்லை. கடைக்காரருக்குச் சட்டம் கட்டிக் கொடுத்த உரிமை அந்த மாதிரி முதுமைக்கும் உதவுகிறது. ஆனால் அந்த உரிமைக்கு அங்கே விலை வருவதே பக்கத்தில் மற்ற நாற்பது கடையும் இருப்பதால். முதலில் விற்பவருக்குக் கிடைக்கும் தொகை கடைசியில் விற்பவருக்குக் கிடைக்காது.