செபப் புத்தகமும் அரிச்சுவடியும்

ஜூபிலி மலர் என்றாலே ஆலயம் எழும்பிய வரலாறும், குருக்கள் ஆற்றிய தொண்டும் முதலிடம் பெறுவது முறை. அவற்றை அன்பர்கள் பிற பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆலயத்தின் நிழலில் சிறுவர் வாசிக்கக் கற்ற கதையை எழுதுவார் குறைவு. அதை இங்கே ஓரளவு சொல்ல விழைகிறோம்.

ஞானோபதேச வகுப்புகளில் நாம் பலமுறை கண்ட காட்சி இது. ஆறு வயதுச் சிறுவன் செபப் புத்தகத்தை விரித்து, வரிமேல் விரல் வைத்து, மங்கள வார்த்தை செபத்தைத் தங்குதடையின்றி ‘வாசிக்கிறான்’. பெற்றோருக்குப் பூரிப்பு. அருகே சென்று பார்த்தால், விரல் இருப்பதோ விசுவாசப் பிரமாணத்தின்மேல்! சிரிக்கிறோம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்கினோம். செவிவழி மனப்பாடமாகிய சொற்களையே பிறகு ஏட்டில் அடையாளம் கண்டோம்.

இந்த வழக்கம் பழமையானது. 1554-ல் லிஸ்பன் நகரில் அச்சான ‘கார்த்தில்யா’ என்னும் சிறு நூலே அச்சேறிய முதல் தமிழ் நூலாகும். எழுத்துப் பயிலும் பாலபாடத்துக்கும் செபம் பயிலும் சிறு நூலுக்கும் போர்த்துக்கீசியர் வழங்கிய பெயர் அது. அந்நூலில் தமிழ் ஒலி இருந்தது, தமிழ் எழுத்து இல்லை. முழுவதும் ரோமன் எழுத்திலே அச்சிட்டிருந்தார்கள். தமிழைத் தமிழ் எழுத்திலேயே வாசிக்கும்படி இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்டார். பதினாறே பக்கங்கள். தத்துவ போதகர் என்று நம் முன்னோர் போற்றிய ராபர்ட் தெ நோபிலி அடிகளார் 1623-ல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தபோது, அச்சு நூல் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாப் பொருள். அவர்களுக்கு வாய்த்தவை திண்ணைப் பள்ளியும், மணலும், பனையோலையுமே.

மணல் எழுத்தை இளக்காரமாக எண்ண வேண்டாம். 1789 முதல் சென்னை எழும்பூர் ஆண் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு, நம் நாட்டுச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியில் அதைப் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித் தரும் முறையையும் கைக்கொண்டு, 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் சட்டாம்பிள்ளைக்குக் கடல் கடந்த புகழ்!

எனினும் ஓலைக்கு ஒரு குறை உண்டு. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டுவிடுவார்கள். அக்காலத்தில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். புள்ளி மறைந்தபின் ‘பெறு’ எது, ‘பேறு’ எது? சொல்லை முன்பே அறிந்தவன்தான் சரியாக வாசிப்பான். அறியாதவன் எழுத்தைக் கூட்டிப் பயனில்லை. இத்தாலியில் 1680-ல் பிறந்து, தமிழகத்தில் ஞானப்பணி ஆற்றி, 1747-ல் மறைந்த வீரமாமுனிவர் இச்சிக்கலைத் தீர்க்க நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். இன்று ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று நாம் சொல்லித் தரும் வேறுபாடு அச்சீர்திருத்தத்தின் வழி வந்ததே. தேம்பாவணியையும் சதுரகராதியையும் புகழ்ந்து பேசுகிறோம். எங்களைக் கேட்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அவர் செய்த பேருபகாரம் இந்தச் சிறு சுழிதான். கேட்டறியாத சொல்லையும் பிள்ளை தானே வாசிக்க அது வழி திறந்தது.

சொல்லை முழுதாகப் பார்த்துப் பழகுவதா, ஒலியைக் கூட்டிப் படிப்பதா என்ற வழக்கு மேல்நாட்டில் நெடுங்காலம் நடந்தது. 1955-ல் அமெரிக்காவில் ருடால்ஃப் ஃபிளெஷ் ஒலிமுறைக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். 2000-ல் அந்நாட்டு அரசின் வாசிப்புக் குழு ஒலிகளை முறையாகக் கற்பிப்பதே பலன் தருகிறது என்று அறிக்கை தந்தது. ஓ, என், ஈ என எழுதி ‘வன்’ என்று படிக்கும் மொழியில் அவ்வழக்கு எழுந்ததில் வியப்பில்லை.

தமிழில் அத்தனை தொல்லை இல்லை. ஆயினும் நாமும் பிள்ளையைத் திணறடித்தோம். ‘பானா, டானா, இம்மன்னா’ என்று எழுத்தின் பெயரைக் கூவச் செய்து, அதிலிருந்து ‘படம்’ என்னும் ஒலியை எடு என்றால் பிள்ளை எங்கே போகும்? ‘ப’, ‘ட’, ‘ம்’ என்று ஒலியை மட்டும் சொல்லிச் சேர்த்தால் படம் தானே வரும். எளிய கோடுகளால் ஆன ட, ப, ம முதலியவற்றை முன்வைத்துத் தொடங்கும் ஆசிரியர்கள் இதை அறிந்தவர்கள். ஆனால் ஒலி மட்டும் போதாது. ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் ககர வரிவடிவம் ஒன்றே, ஒலியோ மூன்று. ‘பங்கு’ என்ற சொல் காதில் விழுந்திராத பிள்ளை நம் ஆலயப் பெயர்ப் பலகையைப் பிழையாகவே படிக்கும். செபம் சொல்லித் தந்த பாட்டியும் கொம்பு சொல்லித் தந்த ஆசிரியையும் இருவருமே தேவைப்பட்டார்கள்.

1978-ல் தமிழக அரசு பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியது. யானைத் துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’, ‘னை’ முதலியவை மறைந்தன. இதை 1935 முதலே தம் ‘குடி அரசு’ ஏட்டில் கையாண்டவர் ஈரோட்டுப் பெரியார். அவருடைய கடவுள் மறுப்பு நமக்கு ஏற்புடையதன்று. என்றாலும் நம் பிள்ளைகளின் சுமை குறைந்தது அவர் காட்டிய வழியால்தான் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

இன்று அஸ்தம்பட்டியில் நம் பிள்ளைகள் பலர் ஆங்கில வழியில் பயில்கிறார்கள். 2022-ல் அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரசுப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பைத் தர முனைந்தது. கட்டணப் பள்ளிப் பிள்ளைக்கோ, தமிழை யார் கூட்டிப் படிக்கச் சொல்கிறார்கள்? திருப்பலியில் வாசகம் வாசிக்க அழைத்தால் தயங்குகிறார்கள். பாடற்குழுவில் இனிமையாகப் பாடும் சிறுமி ஒருத்தியின் கைத்தாளை வாங்கிப் பார்த்தோம். தமிழ்ப் பாட்டு முழுவதும் ரோமன் எழுத்தில் இருந்தது. 1554-ஆம் ஆண்டு லிஸ்பனுக்கே திரும்பிவிட்டோமோ என்று மனம் துணுக்குற்றது.

அவளிடம் அவள் பாட்டியின் பழைய செபப் புத்தகத்தைக் கொடுத்தோம். மெல்ல எழுத்துக் கூட்டினாள். துதிக்கை ‘லை’ வந்த இடத்தில் நின்றுவிட்டாள். பக்கத்திலிருந்த பாட்டி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியை வாசித்துக் காட்டினார்.