பனிக்கட்டிக் கிடங்கில் உருவான உபாத்தியாயினிகள்

சென்னைப் பட்டணத்தில் பெண்களுக்கென்று பள்ளிக்கூடங்கள் ஏற்பட்டு வெகுகாலமான பிறகும், அவற்றில் பாடம் சொல்லிக்கொடுக்கப் பெண்கள் கிடைப்பது அரிதாகவே இருந்துவந்தது. மயிலாப்பூரில் 1869-ஆம் ஆண்டிலேயே விஜயநகரம் மகாராஜாவின் உதவியால் ஒரு பெண் பள்ளிக்கூடம் தோன்றிவிட்டது. ஆயினும் அக்காலத்துச் சிறுமிகள் நாலெழுத்துக் கற்று முடிப்பதற்குள் விவாகம் குறுக்கிட்டுவிடும். வயது வந்த பெண்ணை ஆண் உபாத்தியாயரிடம் அனுப்பப் பெற்றோர் இசையார்; மிஷனரி மாதர்களிடம் அனுப்பினால் மதம் போய்விடுமோ என்று பயம்; குடும்ப ஸ்திரீ ஒருத்தி சம்பளத்துக்கு வேலை செய்ய வாசற்படி தாண்டுவதையோ, மாமியார் மாத்திரமல்ல, தெருவே பொறுத்துக்கொள்ளாது. பெண்கள் படிக்க உபாத்தியாயினி வேண்டும், உபாத்தியாயினி கிடைக்கப் பெண்கள் படித்திருக்க வேண்டும் என்ற இந்த முடிச்சை அவிழ்க்க முற்பட்டவர்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர், மனைவி என்னும் ஸ்தானத்தைப் பெயரளவிலேயே அடைந்து, அதன் பொருள் விளங்கும் முன்பே அதை இழந்துவிட்ட ஒரு மயிலாப்பூர்ப் பெண்.

ஆர். எஸ். சுப்பலட்சுமி 1886-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் மராமத்து இலாகாவில் என்ஜினீயர், தாயார் விசாலாட்சி. பதினொன்றாம் வயதில் கலியாணம். சிறிது காலத்துக்குள் கணவன் மரணம். அதன்பின் அப்பெண்ணுக்குச் சாஸ்திரத்தின் பெயரால் என்னென்ன காத்திருந்தன என்பதை, நார்மடிப் புடைவையும் மழித்த தலையுமாகச் சமையலறை மூலையில் ஆயுளைக் கழித்த பாட்டிமார்களைக் கண்ட தலைமுறையினருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தகப்பனார் மகளின் தலையில் கத்தி படவிடவில்லை. வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்து, பின் கான்வெண்டுக்கு அனுப்பி, பிரஸிடென்ஸி கல்லூரி வரைக்கும் கொண்டுசென்றார். 1911-இல் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்ற பெயர் சுப்பலட்சுமிக்குக் கிடைத்தது. சீர்திருத்தச் சபைகளில் பிரசங்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து பத்து வயதுப் பெண்ணுக்கு ஜாதகம் பார்த்தவர்கள் மலிந்திருந்த காலத்தில், சுப்பிரமணிய ஐயர் செய்தது சின்னக் காரியமல்ல.

கான்வெண்டில் கன்னியாஸ்திரீகள் தம் ஆயுளையே போதனைக்கு ஒப்புக்கொடுத்திருந்ததைக் கண்டது சுப்பலட்சுமியின் மனத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் ஊரார் அவரைச் ‘சிஸ்டர்’ என்றே அழைத்ததும் பொருத்தமாக அமைந்தது. அதே சமயத்தில், பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் கிரிஸ்டினா லிஞ்ச், உபாத்தியாயினிகள் இல்லாத குறையால் திண்டாடிக்கொண்டிருந்தார். சர்க்காருக்கு வேண்டியது ஆள். அகத்துக்கு வேண்டாதவளாய் ஒதுக்கப்பட்டிருந்தவள் பால விதவை. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்ததே அவ்விருவருடைய புத்திசாலித்தனம். எழும்பூர் வீட்டில் நான்கே பெண்களோடு தொடங்கிய இல்லம், 1912-இல் ஏற்பட்ட சாரதா மகளிர் சங்கத்தின் ஆதரவில் வளர்ந்து, இடம் போதாமல் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தது.

அந்தக் கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிப் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேற்றிய பனிக்கட்டியைச் சேமிக்க, பிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி 1842-இல் கட்டியது. செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் வியாபாரம் படுத்தது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வசிப்பிடமாக்கினார். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். துரைமார்களின் கோப்பைக்குக் குளிர்ச்சி தர எழுந்த வட்டச் சுவர்களுக்குள், எதிரே வந்தால் சகுனத்தடை என்று தெருவார் முகம் திருப்பிய பெண்கள் கணக்கும் ஆங்கிலமும் படிக்கலானார்கள். அருகிலேயே, 1914-இல் பெண்களுக்கென்று திறந்த ராணி மேரிக் கல்லூரியும் இருந்தது.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிச் செல்லும் ஒருவர் உண்டு: சுப்பலட்சுமியின் சித்தி வாலாம்பாள். அவரும் விதவையே. மகள் போன்றவள் வெளியே கற்பிக்கவும், அதிகாரிகளோடு வாதாடவும் போக, உள்ளே அத்தனை பெண்களுக்கும் தாயாய் இருந்து இல்லத்தைப் பராமரித்த அந்த அம்மாளைப் பட்டமும் பதக்கமும் தேடி வரவில்லை. ஸ்தாபனங்களை ஸ்தாபிப்பவர் ஒருவர், நிலைக்கச் செய்பவர் வேறொருவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குறை சொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. இல்லம் பிராமண விதவைகளுக்கே உரியதாக இருந்தது. மடி ஆசாரங்கள் கைவிடப்படவில்லை. விதவா விவாகத்துக்குச் சட்டம் 1856-லேயே இடம் கொடுத்திருந்தும், சிஸ்டர் அதை முழக்கமாக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பின்னர் நிறுவிய அவ்வை இல்லம், ஜாதி பாராமல் கதவைத் திறந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆசாரத்தை மீறியிருந்தால் எந்த வைதிகத் தகப்பன் தன் பெண்ணை அங்கே கொண்டுவந்து விட்டிருப்பான்? அவர் சமரசம் செய்துகொண்டார் என்பது உண்மை. அந்தச் சமரசத்தின் பயனாகவே பல பெண்கள் சமையலறையிலிருந்து வகுப்பறைக்கு வந்தார்கள் என்பதும் உண்மை. அவரே ஐஸ் ஹவுஸை ஒட்டிய குப்பத்தில் மீனவக் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி நடத்தினார்.

1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டு அவர் அதன் தலைவியானபோது, உபாத்தியாயத் தொழில் விதவைகளின் புகலிடம் என்ற நிலையிலிருந்து மெல்ல நகரத் தொடங்கியது. 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக்கியது. ஏட்டளவில் இருந்தாலும், காலம் போகப்போகப் பள்ளியில் தங்கும் ஆண்டுகள் கூடின. படித்த பெண்ணை மணப்பதும், மணந்தபின் அவள் கற்பிக்கச் செல்வதும் மயிலாப்பூரிலும், புதிதாக உருவாகிவந்த தியாகராய நகரிலும் சாதாரணமாகிவிட்டன. விடியுமுன் சமைத்து, கணவனுக்கும் குழந்தைகளுக்கும் டிபன் டப்பா கட்டிவைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிய டீச்சரம்மாக்கள், மாலையில் நோட்டுப் புஸ்தகக் கட்டோடு வந்து மறுபடி அடுப்படியில் நின்றார்கள். விதவைக்கு அந்த வேலை விடுதலையாக வந்தது. மனைவிக்கோ இரட்டைச் சுமையாகவே வந்தது. அதைச் சிஸ்டரின் தலைமுறை முன்கூட்டி எண்ணிப் பார்த்திருக்கவும் முடியாது.

சாரதா மகளிர் சங்கத்தின் பள்ளியான சாரதா வித்தியாலயம் பின்னாளில் ராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்குப் போயிற்று. சிஸ்டர் ஓய்ந்திருக்கவில்லை. 1942-இல், படிப்பை இடையிலே விட்ட வயதுவந்த ஸ்திரீகளுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலயத்தைத் தொடங்கினார். பிறகு சென்னைச் சட்ட மேல்சபையில் அங்கம் வகித்தார். 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பரில் காலமானார். இவற்றுக்கு நடுவே 1956-இல் நடந்த ஒன்றை மட்டும் தனியே சொல்ல விரும்புகிறேன். குடும்ப ஸ்திரீகள் கூடிப் பழகிய மயிலாப்பூர் மாதர் சங்கம் ஒரு பள்ளிக்கூடம் நடத்த விரும்பியது. இன்று ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் வித்யா மந்திர் என்று நடப்பது அதுதான். மஞ்சள் குங்குமத்தோடு வாழ்ந்த அந்தப் பெண்கள், தங்கள் வீட்டுக் கலியாணங்களில் பின்கட்டோடு நிறுத்திவைக்கும்படி சம்பிரதாயம் விதித்திருந்த ஒரு பெண்மணியையே அந்தச் சுபகாரியத்துக்கு முன்நிற்கச் செய்தார்கள்.